கடலோரத்தில் வேனை நிறுத்திக் கோடை முழுக்கத் தங்கலாமா?

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 61, கணவருக்கு 67. கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். டீச்சர் பிறந்தது கீழக்கரைப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம், கல்யாணமாகி மதுரைக்கு வந்தபிறகு கடல் என்பது திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் போய்ப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. போன வருடம் அமெரிக்காவில் இருக்கும் மகன் இவர்களை ஆரெகன் கடற்கரையில் ஒரு ஆர்.வி. பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டியில் ஒன்றரை மாதம். காலையில் கதவைத் திறந்தால் கடல், பக்கத்து வண்டிக்காரர்களோடு பேச்சு, சாயங்காலம் நடை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து, "இதே மாதிரி நம்ம ராமநாதபுரம் கடலில் ஒரு கோடை இருந்துவிட்டால் போதும்" என்று இருவருக்கும் ஆசை.

கணவரின் தம்பி ஒரு டெம்போ டிராவலரின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, சின்ன கழிவறை வைத்துக் கொடுத்திருக்கிறார். வாலிநோக்கம் பக்கம் "கேரவன் பார்க் ஆரம்பிக்கிறோம்" என்று ஒரு தரகர் இடம் காட்டியிருக்கிறார். கடலுக்கு 70 அடி. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 90,000 ரூபாய், அதில் 10,000 முன்பணம் கொடுத்தாயிற்று, மீதியை மாதக் கடைசிக்குள் ரொக்கமாகக் கேட்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்துத் தருவாராம், கழிவுக்கு மணலில் குழி வெட்டித் தருவாராம். டீச்சரின் கேள்விகள் மூன்று: இது சட்டப்படி சரிதானா, ஏதாவது ஆனால் பணம் திரும்ப வருமா, வயதான இரண்டு பேர் அங்கே பயமில்லாமல் இருக்க முடியுமா.

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையில் தப்பே இல்லை. "இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிறந்த கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் இருக்க நினைப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தரகர் காட்டிய இடம் வேண்டாம், மீதி 80,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

சக்கரம் இருப்பதால் சட்டம் பொருந்தாது என்பது தவறு

"நாங்கள் எதையும் கட்டப் போவதில்லை, வண்டிதானே, நாளைக்கே எடுத்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தரகரும் அதையேதான் சொல்லியிருப்பார். வண்டி மட்டும் ஒரு நாள் வந்து நின்றுவிட்டுப் போனால் அந்த வாதத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. மூன்று மாதம் தங்க வேண்டுமென்றால் சிமெண்டுத் தளம், தண்ணீர்த் தொட்டி, கழிவுக் குழி, மின்கம்பம் எல்லாம் வேண்டும். அவையெல்லாம் தரையில் இறங்குபவை, சட்டம் அவற்றைத்தான் பார்க்கும்.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்ததுதான் சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு. முதல் அறிவிப்பு 1991இல் வந்தது, பிறகு 2011இலும் 2019இலும் மாற்றி எழுதினார்கள். கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் உச்சமாக ஏறும் எல்லை) 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது என்பது பொது விதி. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு 2019 அறிவிப்பு அதை 50 மீட்டராகக் குறைக்கிறது, அதுவும் கடலோர மேலாண்மை வரைபடமும் நிபந்தனைகளும் சேர்ந்தது. உங்களுக்குக் காட்டிய இடம் 70 அடி, அதாவது 21 மீட்டர்தான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் உள்ளே மாட்டுகிறது. சுத்திகரிக்காத கழிவை விடுவதும் மணல் மேடுகளைச் சமப்படுத்துவதும் இதே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டவை.

அதோடு அந்த இடத்துக்கு முன்னால் இருப்பது மன்னார் வளைகுடா. பாம்பன் பக்கமிருந்து தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்தக் கரைகளில் கோடையின் முன்பாதி வரை கடலாமை முட்டையிட ஏறுகிறது. முட்டையை விட்டு வெளியே வரும் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும், கடல் பக்கம் போக வேண்டியது வண்டி விளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போய்விடும். இது சட்டம் தெரியாதவர்களுக்கும் புரியும் காரணம்.

அமெரிக்காவில் கடற்கரை பொதுச் சொத்து, இங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரெகனில் 1967இல் வந்த சட்டத்தால் மணல்வெளியை எல்லோரும் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் நடக்கலாம், உட்காரலாம் என்பதற்காக இஷ்டப்பட்ட இடத்தில் குடியிருக்கலாம் என்று அங்கேயும் ஆகிவிடவில்லை. அந்த மாநில அரசுப் பூங்காக்களில் பொதுவாக 17 நாளில் 14 இரவுக்கு மேல் ஒரே இடத்தில் தங்க முடியாது. உங்கள் மகன் அமர்த்தியது மாதக் கணக்கில் விடும் தனியார் பூங்காவாக இருந்திருக்கும். வண்டிக்குக் கீழே மூன்று இணைப்பு பார்த்திருப்பீர்கள்: ஒன்று தண்ணீர், ஒன்று மின்சாரம், மூன்றாவது கழிவுக் குழாய். அந்த மூன்றாவது குழாய் போய்ச் சேர முறையான ஓர் ஏற்பாடு இருந்ததால்தான் நீங்கள் ஒன்றரை மாதம் நிம்மதியாக இருந்தீர்கள். வாலிநோக்கத்தில் உங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

ஊற்றைப் பற்றி நீங்களே எழுதியது

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், உங்கள் அப்பத்தா மணலைக் கையால் பறித்து, ஊறி வரும் வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றியதைச் சொன்ன இடம். "கடல் பத்தடி தள்ளி இருக்கும், தண்ணீர் தேன் மாதிரி இருக்கும், எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே பாலாடை மாதிரி மெல்லிசாக மிதக்கிறது. மொத்தமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதனால்தான் கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாயில் வராத நாளில் இன்றும் பல கிராமங்களுக்கு ஊற்றுதான்.

இப்போது தரகர் வெட்டித் தருவதாகச் சொன்ன குழியை யோசியுங்கள். மணல் எதையும் பிடித்து வைக்காது. மேலே விடுவது சில அடியில் அந்தப் பாலாடையைத் தொட்டுவிடும். ஒரு வண்டி என்றால் ஒரு குடும்பத்தின் கழிவு. "பார்க்" என்றால் பத்து வண்டி, மூன்று மாதம். பக்கத்தில் ஊற்று பறிக்கும் பெண்கள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நீங்கள் அதைச் செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். எங்கே தங்கினாலும் ஒழுங்கான செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக் கழிவறையையே பயன்படுத்துங்கள். வண்டிக் கழிவறை ராத்திரி அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும், அதையும் அந்த டேங்கிலேயே கொட்டுங்கள்.

பணமும் பத்திரமும்

தரகர் "பட்டா இருக்கும்மா" என்று சொன்னதைத் தவிர உங்கள் கையில் ஒன்றுமில்லை. சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அ-பதிவேட்டில் அது புறம்போக்கு என்று இருந்தால் பேச்சே வேண்டாம், அங்கே தரகர் மட்டுமில்லை, நீங்களும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவீர்கள். பட்டா நிலமாகவே இருந்தாலும் பட்டாதாரர் யார், தரகருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இன்னொன்று, கேரவன் பூங்கா நடத்துபவர்கள் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்வதற்கு முறை இருக்கிறது. அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

வாடகைதாரர் உரிமை உங்களுக்கு வரும் என்று நினைக்கிறீர்கள், அது இங்கே வராது. வண்டி நிறுத்திக்கொள்ள ஒருவர் அனுமதிப்பது சட்டத்தில் உரிமம் மட்டுமே, குத்தகை ஆகாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதைப் பேசுகிறது. அனுமதியை ரத்து செய்தால் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது 63ஆவது பிரிவு. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அனுமதியை, உங்கள் மேல் தப்பில்லாமல் பாதியில் பிடுங்கினால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது 64ஆவது பிரிவு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அரசு வந்து "இங்கே நிறுத்தக் கூடாது" என்று கிளப்பினால் நிலைமை வேறு. சட்டம் தடுத்த காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டிப் பணம் கேட்கும்போது, தெரிந்துதானே கொடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். என்னிடம் வந்த ஒரு குடும்பம், வேறு ஒரு கடற்கரையில், இதே மாதிரி ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் நாளே கிளம்ப வேண்டியதாயிற்று. ரசீது இல்லை, நிலத்துக்காரர் "நான் யாரிடமும் காசு வாங்கவில்லை" என்றார், அது உண்மையும்கூட, வாங்கியது தரகர்.

நீங்கள் கொடுத்த 10,000 ஜிபேயில் போனது நல்லதாயிற்று. வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். "பட்டா, உரிமையாளரின் அதிகாரக் கடிதம், சுற்றுலாத் துறைப் பதிவு, கடலோர மண்டல அனுமதி இவற்றை 10 நாளுக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்புங்கள்" என்று மரியாதையாக ஒரு செய்தி போடுங்கள். அவர் விற்றது தண்ணீர், மின்சாரம், காவல் என்று வசதிகளோடு சேர்ந்த சேவை என்பதால், தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம், ராமநாதபுரம் அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பிலிருந்து வியாபார இடத்துக்கு மின்சாரம் கொடுத்தால் மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு வரும், உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். சிக்குவது அந்த வீட்டுக்காரர், பாவம்.

வண்டியும் கேஸும்

உங்கள் கொழுந்தனார் அன்போடு செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்.சி.யில் பயணிகள் வேன் என்று இருக்கும்போது உள்ளே வீடாக மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். விபத்தோ தீயோ நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான். கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, முறையாகப் பதிவில் ஏற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வண்டியை ஊர் போய்ச் சேர மட்டும் வைத்துக்கொள்ள நினைத்தாலும், சேர்த்ததையெல்லாம் கழற்றிப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் ரோட்டில் எடுக்க வேண்டும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள், அது பதிவான முகவரியில் பயன்படுத்தத்தான். முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது, இரண்டு பேருக்கு அது போதும். மூடிய வண்டிக்குள் சமைக்காமல் வெளியே நிழலில் சமையுங்கள்.

கடல் அமைதியாக இருக்குமா?

நாற்பது வருடத்தில் இதை மறந்துவிட்டீர்களோ என்று நினைக்கிறேன், டீச்சர். கோடையில் அமைதி பாக் நீரிணைப் பக்கமான வடகடலில்தான், மன்னார் வளைகுடாவான தென்கடலில் இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஏறிவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கம் மே, ஜூனில் மணலை அள்ளி முகத்தில் அடிக்கும், வண்டிக் கதவைத் திறந்துவைக்க முடியாது. முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று அலை ஏறிவரும் கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை வரும் மாதங்களும் அவைதான், 21 மீட்டரில் படுத்துக்கொண்டு அதைச் சந்திக்க வேண்டாம். அதே நேரத்தில் பாக் நீரிணைப் பக்கம், அரியமான், தேவிபட்டினம், தொண்டி எல்லாம் குளம் மாதிரி கிடக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகு உள்ள ஊர்களில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும் பெயிண்ட் அடிப்பதுமாக இடம் கொள்ளாது. நாட்டுப்படகு போய்வரும், கரைவலை இழுப்பவர்களுக்கு நீளமாக மணல் வேண்டும். காலியாகக் கிடக்கிறது என்று நமக்குத் தோன்றும் மணலில் ஒருவர் தொழில் செய்துகொண்டிருப்பார். எங்கே போனாலும் ஊர்த் தலைவரையோ ஜமாத்தையோ முதல் நாளே பார்த்து, யார், என்ன, எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள்.

பயமில்லாமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள். திருட்டு பயத்தைவிட, ராத்திரியில் கடலோரம் நிற்கும் தெரியாத வண்டியைப் பார்த்தால் போலீஸ் விசாரிக்கும் என்பதுதான் அங்கே நிச்சயமான விஷயம். இலங்கை அவ்வளவு பக்கம், கடத்தல் நடக்கும் கரை. ஆதாரும் ஆர்.சி.யும் கையில் இருக்கட்டும், உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவையுங்கள். கரை ஒதுங்கிய மூட்டை, பொட்டலம் எதையும் தொடாமல் கடலோரப் போலீசின் 1093க்குப் பேசுங்கள். பேரன் வந்தால் பவளம், கடல் அட்டை எதையும் எடுத்துவர விடாதீர்கள், வன உயிரினச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பதே கஷ்டமான வழக்கு அது. தீவுக்குப் போகலாம் என்று படகுக்காரர் கூப்பிட்டாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். பேரனின் டிரோனை மதுரையிலேயே வைத்துவிடுங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. மகன் குடும்பம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வந்து தங்கினால், தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான் என்ன செய்யச் சொல்கிறேன்

ஆறாம் பக்கத்தில் ஒரே வரியில், "சித்தி மகனின் தென்னந்தோப்பு கடலிலிருந்து அரை மைல் உள்ளே இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கடல் தெரியாது" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பதிலாகத் தெரிகிறது. அரை மைல் என்றால் 800 மீட்டர், 200 மீட்டர் கணக்குக்கு வெளியே. ஓடை, உப்பங்கழி எதுவும் தோப்பை ஒட்டி இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றின் கரைக்கும் இந்த விதிகள் வரும். சொந்தக்காரர் இடம், வாடகை இல்லை, வீட்டில் கழிவறை இருக்கிறது, கிணறு இருக்கிறது, நிழல் இருக்கிறது. கத்திரி வெயிலில் மணலில் நிற்கும் தகர வண்டிக்குள் இன்சுலினையும் சாரையும் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. தோப்பு வீட்டில் பிரிட்ஜ் இருக்கும், அவசரம் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆளும் இருக்கும்.

ஏப்ரல் முழுக்க அங்கே இருங்கள். பதநீர் இறங்கும் காலம், நுங்கும் வந்துவிடும். விடிகாலையில் அரை மைல் நடந்தால் உங்கள் கடல். சாருக்கும் அந்த நடை நல்லது, சர்க்கரை இறங்கிவிடாதபடி மட்டும் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளட்டும். காற்று ஏறியதும் மே மாதத்தில் வடகடல் பக்கம் மாறிக்கொள்ளலாம். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் சுற்றவேலி உள்ள, பதிவுபெற்ற தங்கும் விடுதியிலோ ஹோம்ஸ்டேயிலோ அறையும் எடுத்து, வண்டியையும் உள்ளே நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் பதினைந்து நாள், பதினைந்து நாளாகக் கொடுங்கள். தனுஷ்கோடியில் ராத்திரி தங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சாயங்காலமே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சித்தி மகனிடம் பேசும்போது தோப்பின் மின் இணைப்பு விவசாய மோட்டாருக்கானதா, வீட்டுக்கானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் இணைப்பு என்றால் அதிலிருந்து வண்டிக்கு எடுக்கக் கூடாது, வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர் போட்டு, ஆகும் பில்லை நீங்கள் கட்டிவிடுங்கள். தரகர் 10 நாளில் என்ன பதில் போட்டார் என்பதையும் எழுதுங்கள், முன்பணம் வரவில்லை என்றால் புகார் மனுவை நானே எழுதித் தருகிறேன்.